ஆறு பேருக்கு நடுவில் ஒரு ஜோடி

மழைக்காலம் தொடங்கினால் எங்கள் ரிக் வண்டிகள் ஊர் திரும்பிவிடும். பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து ஆழ்துளைக் கிணறு போடும் தொழில் செய்கிறார்கள். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. கோடையில் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று சுற்றிய வண்டிகள் தீபாவளிக்கு முன்னால் ஷெட்டுக்குள் வந்து நின்றால், நிலம் காயும் வரை அசையாது. பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் அந்த நாட்களில் வேலை இருக்காது. சும்மா இருக்கவும் இருவருக்கும் தெரியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்த ஈரம் காய்வதற்குள் சீட்டுக்கட்டு வெளியே வந்துவிடும்.

நான் சொல்லப் போவது, பெங்களூர் கம்பெனி ஒன்றில் சாப்ட்வேர் சோதிக்கும் வேலையை நான் வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்த ஒரு மழைக்காலத்தைப் பற்றி. பெரியப்பா வீடும் எங்கள் வீடும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. சமையல் தனித்தனி, ஞாயிறு மத்தியானம் மட்டும் ஒரே மேஜை. அதில் ஆறு பேர் உட்காருவோம்: பெரியப்பா, பெரியம்மா, அப்பா, அம்மா, நான், அத்தை. அத்தை பெரியப்பாவுக்குத் தங்கை, அப்பாவுக்கு அக்கா. மாமா சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தியவர். ஆபீஸைக் கைமாற்றிவிட்டு, தன் சொந்த ஊரான சேந்தமங்கலத்தில் ஒரு சின்ன வீடு கட்டினார். ஜன்னல் எந்தப் பக்கம், சிங்க் எவ்வளவு உயரம் என்பதெல்லாம் அத்தை சொன்னபடி. அந்த வீட்டில் அவர்கள் சில வருஷங்கள்தான் சேர்ந்து இருந்தார்கள். மாமா போன பிறகு, பிள்ளைகள் இல்லாத அத்தையை அண்ணனும் தம்பியும் "கொஞ்ச நாளைக்கு" என்று அழைத்து வந்தார்கள். கொஞ்ச நாள் மூன்றாவது மழைக்காலத்துக்கு வந்திருந்தது.

அந்த மழைக்காலம் முழுக்க அத்தைக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. பூட்டிக் கிடந்த அந்த வீட்டைத் திறந்து, அதில் தனியாக இருக்க வேண்டும்.

நாங்கள் வழக்கமாக ஆடியது ரம்மி. ஆறு பேருக்கு ரம்மி ஆட இரண்டு கட்டுகள் வேண்டும். அந்த மழைக்காலத்தின் முதல் வாரத்திலேயே பெரியம்மா ஒரு கட்டின் மேல் ரசச் சட்டியைக் கவிழ்த்துவிட்டார். துடைத்துக் காய வைத்து ஆடிப் பார்த்தோம். உப்பிப்போன சீட்டுகளில் எது ராஜா, எது ஏழு என்று பின்பக்கத்தை வைத்தே பெரியப்பா கண்டுபிடித்துவிடுகிறார் என்று அப்பா தகராறு செய்தார். கட்டு குப்பைக்குப் போனது. வெளியே விடாமல் மழை. ஒரே ஒரு கட்டு மிச்சம்.

ஒரு கட்டில் ஆறு பேர் ஆடும் ஆட்டம் ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. கல்லூரி கடைசி வருஷ ப்ராஜெக்டுக்காக, போக்கரில் லிமிட் ஹோல்டம் என்ற வகையை ஆடும் ஒரு ப்ரோகிராம் எழுதியிருந்தேன். ஆட்டம் எளிது. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு, கவிழ்த்து. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு: முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, கடைசியாக ஒன்று. கையில் இருப்பதையும் நடுவில் இருப்பதையும் சேர்த்து யாருடைய ஐந்து சிறந்ததோ அவருக்குக் குவியல். ஒவ்வொரு கட்டத்திலும் கட்ட வேண்டும், அல்லது மற்றவர் கட்டியதற்கு மேல் ஏற்ற வேண்டும், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலக வேண்டும். எவ்வளவு கட்டலாம் என்பதற்கு அளவு உண்டு. முதல் இரண்டு சுற்றில் ஒன்று, பின் இரண்டு சுற்றில் இரண்டு. அளவு இருப்பதால் ப்ரோகிராம் எழுதச் சுலபம் என்றுதான் நான் இந்த வகையைத் தேர்ந்தெடுத்தேன். அதே அளவு இருப்பதால் பெரிதாகக் கட்டி யாரையும் மிரட்டி எழுப்ப முடியாது என்பதை மேஜையில்தான் தெரிந்துகொண்டேன்.

காசு என்ற பேச்சு வந்தால் கட்டு அடுப்புக்குள் போகும் என்று அம்மா முன்பே சொல்லியிருந்தார். அதனால் பெரியப்பா ஷெட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டின் கொண்டுவந்தார். பாறையைக் குடையும் பிட்டின் முகத்தில் பதித்திருக்கும் கார்பைடு பட்டன்கள் அதில் இருந்தன. தேய்ந்தும் உடைந்தும் கழன்று விழுந்தவை. சுண்டுவிரல் நுனியளவுதான் இருக்கும், ஆனால் கையில் எடுத்தால் எடை ஆச்சரியப்படுத்தும். மேஜைக்கண்ணாடி கீறும் என்று பெரியம்மா ஒரு போர்வையை விரித்தார். இன்றைக்கும் அந்த மழைக்காலத்தை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது கம்பளித் துணியில் அந்தப் பட்டன்கள் விழும் மந்தமான சத்தம்தான். அதற்கு அடுத்து ஆட்டையாம்பட்டி முறுக்கின் வாசனை. முறுக்கு தின்ற கையோடு சீட்டைத் தொடக் கூடாது என்று நான் ஒரு விதி போட்டேன். யாரும் மதிக்கவில்லை.

மதிக்காத இன்னொரு விதி, விலகுவது.

முதல் ஞாயிறே பார்த்துவிட்டேன். யாரும் சீட்டைக் கவிழ்ப்பதில்லை. எத்தனை மோசமான கையாக இருந்தாலும் "கட்டறேன்" என்று பட்டனைத் தள்ளிவிட்டுக் கடைசிச் சீட்டு வரை உட்கார்ந்திருப்பார்கள். இரண்டும் நாலும் வைத்துக்கொண்டு எதற்கு என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா பதில் சொல்லும் முன் பெரியப்பா சொன்னார்.

"பந்தில உக்காந்துட்டு பாயாசம் வாரதுக்கு முன்னால எந்திரிச்சா, பக்கத்து எலைக்காரனுக்கு என்ன மரியாதை சாமி?"

"இது சாப்பாடு இல்லீங்களே பெரியப்பா."

"உக்காந்தா எல்லாம் பந்திதான்."

எங்கள் பக்கம் விசேஷங்களில் ஒரு வரிசையில் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும் வரை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அவசரம் உள்ளவர்கள்கூட மோரைக் கையில் வைத்துக்கொண்டு அக்கம்பக்கம் பார்த்தபடி காத்திருப்பார்கள். அந்த வழக்கத்தை இவர்கள் அப்படியே மேஜைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆக, எங்கள் வீட்டில் எல்லா ஆட்டமும் ஆறு பேர் ஆட்டம். என் ப்ரோகிராம் பெரும்பாலும் இரண்டு பேர், மிஞ்சிப் போனால் மூன்று பேர் மோதுவதைத்தான் பார்த்திருந்தது.

மிக நல்ல கை வந்தால் எப்படியும் ஜெயிப்போம். மோசமான கை என்றால் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். தொல்லை எல்லாம் நடுத்தரமான கையில்தான். ஒரு தடவை என் கையில் ராணியும் பத்தும். நடுவில் விழுந்தவை ராஜா, பத்து, நாலு. எனக்குப் பத்தில் ஒரு ஜோடி. ஆனால் அதைவிடப் பெரிய ராஜா நடுவில் உட்கார்ந்திருக்கிறது. யாரிடமாவது இன்னொரு ராஜா இருந்தால் நான் காலி. இல்லையென்றால் நான்தான் முன்னால். கட்டினேன். ஐந்து பேரும் கட்டினார்கள். அடுத்து இரண்டு வந்தது. கட்டினேன். ஐந்து பேரும் கட்டினார்கள். கடைசியில் ஏழு. சீட்டுகளைத் திருப்பினால் ராஜா யாரிடமும் இல்லை. ஆனால் அம்மா ஏழும் நாலும் வைத்திருந்தார். இரண்டு ஜோடி. குவியலை இரண்டு கையாலும் அணைத்து இழுத்துக்கொண்டார்.

"நாலுல என்னங்கம்மா நம்பிக்கை?"

"உனக்குப் பத்துல இருக்கறப்ப எனக்கு நாலுல இருக்கக் கூடாதா?"

அன்று சாயங்காலம் லேப்டாப்பில் பழைய ப்ரோகிராமைத் திறந்து, யாருமே விலகாத ஆறு பேரை அதற்குள் உட்கார வைத்துப் பார்த்தேன். நடுத்தர ஜோடி ஒவ்வொருவரையும் தனியாக எதிர்கொண்டால் பெரும்பாலும் ஜெயித்தது. ஐந்து பேரையும் சேர்த்து எதிர்கொண்டால் பெரும்பாலும் தோற்றது. ஒவ்வொருவரிடமும் இருப்பது சின்ன வாய்ப்புதான். ஒருவருக்கு இந்தச் சீட்டு வந்தால் போதும், இன்னொருவருக்கு அந்தச் சீட்டு. சேர்த்துப் பார்த்தால் வரக்கூடிய எந்தச் சீட்டும் யாரோ ஒருவருடைய சீட்டாக இருந்தது.

அடுத்த ஞாயிறு முறுக்கைத் தின்றபடி இதை எல்லோருக்கும் விளக்கினேன். நடுத்தரமான கைக்கு இரண்டே வழி. பின்னால் பேசப் போகிறவர்கள் ஒன்றுக்குப் பதில் இரண்டு கட்டினால்தான் தொடர முடியும் என்கிற இடத்திலிருந்து முதலிலேயே ஏற்றி, ஆட்களைக் குறைக்க வேண்டும். அது முடியாத இடத்தில் கவிழ்த்துவிட வேண்டும். சும்மா "கட்டறேன், கட்டறேன்" என்று கூடவே போவதுதான் இருப்பதில் மோசம். அப்பா கொட்டாவி விட்டார். அம்மா, நாலுதான் தன் ராசி என்றார். பெரியப்பா, பாடம் முடிந்ததா, சீட்டைப் போடலாமா என்று கேட்டார். அத்தை மட்டும் ஒன்று கேட்டார்.

"ஏங் கண்ணு, யாரு மொதல்ல பேசறாங்கங்கறதுல அவ்வளவு இருக்குதா?"

"பாதி ஆட்டம் அதுதானுங்கத்தை."

அத்தை எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். சீட்டுப் போடுகிறவர் யார் என்பதற்கு அடையாளமாக அதை ஆள் மாற்றி ஆள் முன்னால் நகர்த்துவோம். யார் முன்னால் பழம் இருக்கிறதோ அவர்தான் கடைசியில் பேசுவார். அது பெரியப்பா முன்னால் இருந்தது.

அத்தை தன் வீட்டு விஷயத்தை அதற்கு முன்பே ஒரு தடவை இந்த மேஜையில் எடுத்திருந்தார். எங்கள் வீட்டில் எதையும் முடிவு செய்வதற்கு ஒரு முறை உண்டு. விஷயத்தைச் சொன்னதும் ஒவ்வொருவராகத் தங்கள் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும். பெரியவர் கடைசியில்தான் வாய் திறப்பார். எல்லோரும் சொன்னதைச் சேர்த்து ஒரு வார்த்தை சொல்வார். அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் பேசுவதில்லை. சிறியவர்களுக்கும் ஒரு வார்த்தை கிடைப்பதால் இது நல்ல முறை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

தை பிறந்ததும் சேந்தமங்கலம் போகலாமென்று இருக்கிறேன் என்று அத்தை சொன்னார். சுற்று தொடங்கியது. அங்கே கொல்லிமலைக் குரங்குகள் கூரை ஓடுகளைப் பிரிக்கும் என்றார் அம்மா. போர்க்கிணற்றில் மோட்டாரே இல்லையே என்றார் அப்பா. கூடப் பிறந்தவர்கள் வைத்துக் காப்பாற்றவில்லை என்று சொந்தக்கார ஒறம்பரையெல்லாம் பேசும் என்றார் பெரியம்மா. அத்தை விருப்பம் என்று மட்டும் நான் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்ட பெரியப்பா, தண்ணீரும் இல்லை, துணையும் இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று முடித்தார். அத்தை சரிங்ணா என்றார். ஒரு மாதம் விட்டு மறுபடி கேட்டார். மறுபடி அதே சுற்று, அதே அடுத்த வருஷம்.

தனித்தனியாக யாரும் அத்தைக்கு எதிரி இல்லை. இதை நான் என் காதாலேயே கேட்டிருக்கிறேன். வெங்காயம் உரிக்கும்போது அம்மா தன் நாத்தனாரான அத்தையிடம், "உங்க ஊடு உங்களுக்கு இல்லாம யாருக்குங்க நங்கையா, போய் நிம்மதியா இருங்க" என்றார். அப்பா ஒரு தடவை நாமக்கல் போகிற வழியில், அக்காவுக்கு அந்த மோட்டாரைத் திருப்பி மாட்டிக் கொடுக்க வேண்டும் என்று தானாகவே சொன்னார். பெரியம்மாகூட, தன் புதுப் பாத்திர செட்டை அத்தை அங்கே கொண்டுபோகலாம் என்று சொல்லியிருந்தார். ஆனால் எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்ததும் ஒவ்வொருவரிடமும் ஒரு சின்ன மறுப்பு எங்கிருந்தோ வந்துவிடும். ஒருவருக்குக் குரங்கு, ஒருவருக்கு மோட்டார், ஒருவருக்கு ஊர் வாய். தனியாகப் பார்த்தால் எதுவுமே பெரிதில்லை.

கார்த்திகை தீபம் முடிந்த ஞாயிறு. நடுவில் ராணி, ஜாக்கி, ஆறு. அந்தச் சுற்றில் எல்லோரும் கட்டினோம். அடுத்த சீட்டு ஒன்பது. ஒரு மாதமாக எதையும் ஏற்றாத பெரியம்மா, இரண்டு பட்டன்களை முன்னால் வைத்தார். அப்பா கட்டினார். அம்மா கட்டினார். பெரியப்பா ஏற்றினார், எதற்கு ஏற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. நான் கட்டினேன். அத்தையின் முறை வந்தது. அத்தை தன் இரண்டு சீட்டுகளையும் ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்த்து, கவிழ்த்து, நடுவில் தள்ளினார்.

ஐந்து பேரும் அந்தச் சீட்டுகளையே பார்த்தோம். அது வரை யாரும் அதைச் செய்ததில்லை.

"என்ன அம்மிணி, எலைய மடிச்சுட்ட?" என்றார் பெரியப்பா.

"வவுறு ரொம்பிருச்சுங்ணா."

"பந்தி இன்னும் முடியலியே."

"நீங்க இருந்து சாப்புடுங்க. நான் கையக் கழுவிட்டு டீ வெக்கறேன்."

அத்தை எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. முகத்தில் தெரிந்தது. சீட்டுகளைத் திருப்பியபோது பெரியம்மாவிடம் பத்தும் எட்டும் இருந்தன. எட்டிலிருந்து ராணி வரை வரிசை. பெரியப்பாவிடம் ஆறில் வெறும் ஒரு ஜோடி. அத்தை கவிழ்த்ததை எடுத்துப் பார்த்தேன். ஆஸும் ஜாக்கியும். ஜாக்கியில் ஜோடி. ஒன்பது வரும் வரை அந்த மேஜையில் இருந்த எல்லோரையும்விட நல்ல கை.

டீக்கு இஞ்சி தட்டிக்கொண்டிருந்த அத்தையிடம் போய் அதைச் சொன்னேன்.

"அதுக்கு மேல உக்காந்திருந்தா?" என்றார்.

"தோத்திருப்பீங்க."

"ஒவ்வொருத்தரா வந்திருந்தா?"

"அப்ப அந்தக் கையே போதுமுங்கத்தை."

அத்தை இஞ்சியைக் கொதிக்கிற பாலில் வழித்துப் போட்டார். அதற்குப் பிறகு சேந்தமங்கலம் பேச்சை மேஜையில் எடுக்கவே இல்லை. விட்டுவிட்டார் என்று அம்மா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மார்கழி தொடங்கி வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்த ஒரு நாள், பெரியப்பா என்னைக் காரை எடுக்கச் சொன்னார். அத்தை பின் சீட்டில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். சேந்தமங்கலம் வீட்டுப் போரில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்துச் சொல்லச் சொல்லி அத்தை கேட்டிருக்கிறார். வேறு எதுவும் கேட்கவில்லை. போரைப் பார்க்கக் கூப்பிட்டால் மறுக்கப் பெரியப்பாவால் முடியாது. முன்பின் தெரியாதவர் கூப்பிட்டாலே போய்விடுவார். இது அவரே போட்ட போர். அண்ணனும் தம்பியும் வாங்கிய முதல் ரிக்கில் போட்டது.

நாமக்கல் தாண்டியதும் மலை தெரிந்தது. பாதிக்கு மேல் மேகம். சாலையோரம் கொல்லிமலை அன்னாசியைக் குவித்திருந்தார்கள். அத்தை வண்டியை நிறுத்தச் சொல்லி ஒன்று வாங்கி, வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டார்.

வீடு எனக்கு ஞாபகம் இருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. முன்வாசலில் இடுப்புயரத்துக்குச் செடி. பெரியப்பா வீட்டுக்குள் போகவில்லை. நேராகப் பின்பக்கம் போய், போரின் மேல் இருந்த இரும்பு மூடியைக் கழற்றினார். உள்ளே மோட்டார் இல்லை. அப்பா கழற்றி எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுபோயிருந்தார். அத்தை வீட்டைத் திறந்து, சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைத் துடைத்துக் கொண்டுவந்தார். பெரியப்பா அதை வாங்கி, வெயிலைப் பிடித்துக் குழாய்க்குள் திருப்பினார். வெளிச்சம் வட்டமாக இறங்கிக்கொண்டே போனது. குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். எனக்கும் காட்டினார். வெகு ஆழத்தில் ஒரு பொட்டு மினுங்கியது. பிறகு ஒரு கூழாங்கல்லைப் போட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"ஒரு மணி நேரம் ஓடும். அப்புறம் காத்துதான் வரும்" என்றார். "மறுநாள் திரும்ப ஊறிக்கும். ஆனா ஒரு குடும்பத்துக்குப் பத்தாது அம்மிணி."

"ஒரு ஆளுக்குங்ணா?"

பெரியப்பா கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். மூடியை எடுத்தார், அதன் துருவைக் கட்டைவிரலால் தேய்த்தார். தண்ணீர் விஷயத்தில் அவர் யாரிடமும் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. கிடைக்காத இடத்தில் கிடைக்கும் என்றோ, கிடைக்கிற இடத்தில் கிடைக்காது என்றோ சொன்னால் வண்டி அடுத்த போரில் மாட்டிக்கொள்ளும் என்பது அவர் நம்பிக்கை.

"ஒரு ஆளுக்குப் பத்தும்" என்றார்.

அத்தை வீட்டுக்குள் போனார். அன்னாசியை அறுத்துக் கொடுத்தார். சிங்க்கின் உயரத்தில் கையை வைத்துப் பார்த்தார். திரும்பும்போது சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். வரும்போது அது கைப்பையில் இருந்தது.

அந்த ஞாயிறு மேஜையைத் துடைத்து, போர்வை விரித்து, பட்டன்களைப் பிரித்தாயிற்று. அப்பா கட்டைக் கலைத்துக்கொண்டிருந்தார். அத்தை சொன்னார்:

"சீட்டுப் போடறதுக்கு முன்னால ஒரு விசயமுங்க. அண்ணா வந்து நம்ம சேந்தமங்கலத்துப் போரைப் பாத்தாருங்க. தண்ணி எப்படி இருக்குதுன்னு அவரே சொல்லட்டும்."

எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். அவர் கடைசியில் பேசிப் பழகியவர். ஆனால் கேட்டது வீட்டு விஷயம் இல்லையே, போர் விஷயம். அதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். முறுக்கைக் கீழே வைத்தார்.

"இருக்குது" என்றார். "ஒரு ஆளுக்குப் பத்தும்."

"அப்பத் தைப் பொங்கல் கழிச்சு வார நல்ல நாள்ல அங்க பால் காய்ச்சிக்கறேனுங்க."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பெரியவர் சொல்லியாயிற்று. இனி யார் எதைச் சொன்னாலும் அது அத்தைக்கு எதிரான பேச்சு மட்டுமில்லை, பெரியப்பாவின் வார்த்தையைத் தாண்டிப் போகும் பேச்சு. ஒன்று கட்டிப் போகிற இடத்தில் இரண்டு கட்ட வேண்டும். பெரியப்பாவுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். அத்தையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன் முன்னால் இருந்த பட்டன்களை அடுக்க ஆரம்பித்தார்.

அப்பா கட்டைக் கலைப்பதை நிறுத்தினார். "மோட்டாரு…" என்றார்.

"நீ கழட்டிட்டுப் போன மோட்டாருதான் சாமி" என்றார் அத்தை.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்பாவும் சிரித்துவிட்டார். மறுநாளே இறக்கித் தருவதாகச் சொன்னார். அம்மாவின் முறை வந்தபோது, குரங்குக்குப் பயந்தால் சேந்தமங்கலத்தில் ஒருத்தரும் இருக்க முடியாது என்று அம்மா தன் மறுப்புக்குத் தானே பதில் சொல்லிக்கொண்டார். பெரியம்மா மட்டும் மிச்சம். ஊர் வாய் என்பது இருந்ததிலேயே கனமான மறுப்பு. அதை அவர் லேசில் விடமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். பெரியம்மா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா பட்டன்களைப் பார்த்தார்.

"பால் காய்ச்சற அன்னைக்கு நானும் வந்து ரெண்டு நாள் தங்கிட்டு வாரேன்" என்றார் பெரியம்மா. "நாம அனுப்பி வெச்சதாத்தான் இருக்கோணும். அப்ப ஊரு ஒண்ணும் பேசாது."

"நாலு நாள் இருங்க" என்றார் அத்தை.

என்னிடம் யாரும் கேட்கவில்லை. அப்பா சீட்டுப் போட்டார். அன்றைக்கு யார் ஜெயித்தார்கள் என்பது எனக்கு ஞாபகம் இல்லை. அத்தை இரண்டு தடவை சீட்டைக் கவிழ்த்தார், இரண்டாவது தடவை பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை என்பது ஞாபகம் இருக்கிறது.

தை மாதம் அத்தை போனார். ரிக் வண்டிகளும் கிளம்பின. அடுத்த மழைக்காலத்தில் நான் சேலத்தில் ஒரு வேலைக்கு மாறி, ஐந்து ரோடு பக்கம் வீடு எடுத்திருந்தேன். இப்போதும் வண்டிகள் திரும்பியதும் பிஸ்கட் டின் வெளியே வருகிறது, ஆனால் நான்கு பேர்தான். பெரியம்மா இன்னொரு சீட்டுக்கட்டு வாங்கிவிட்டார், மறுபடி ரம்மி. அம்மா போனில் சொல்லும்போது பின்னால் அப்பா பாயிண்ட் எண்ணுகிற சத்தம் கேட்கும். ஒவ்வொரு தடவையும் ஆறு பேரையும் அந்த மேஜையில் வரிசையாக உட்கார வைத்துப் பார்ப்பேன்: எலுமிச்சம்பழம் யார் முன்னால், முறுக்குக் கையோடு சீட்டைத் தொட்டது யார், மோரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பதுபோல மோசமான கையோடு கடைசி வரை உட்கார்ந்திருந்தது யார் என்று. அப்படி எல்லோரும் விலகாமல் உட்கார்ந்திருந்த மத்தியானங்கள் என் வாழ்க்கையில் அவ்வளவுதான் என்று அப்போது தெரிந்திருந்தால், விலகுவதைப் பற்றி நான் அவ்வளவு பாடம் எடுத்திருக்க மாட்டேன்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை சேந்தமங்கலம் போவேன். அத்தை முன்வாசல் செடிகளை வெட்டிவிட்டு அவரைக்கொடி போட்டிருக்கிறார். குரங்கு வரத்தான் செய்கிறது. அதற்கு ஒரு கவண் வைத்திருக்கிறார், அதைவிட வாய் நன்றாக வேலை செய்கிறது. டின்னில் பாதிப் பட்டன்களைப் பெரியப்பா கொடுத்தனுப்பியிருந்தார். மோட்டாரைப் போட்டுவிட்டு, தொட்டி நிரம்பும் நேரத்துக்கு நாங்கள் இருவரும் ஆடுவோம்.

போன தடவை என் கையில் ஒரு ஒன்பது. நடுவில் ராஜா, ஒன்பது, மூன்று. இரண்டே பேர் இருக்கும் இடத்தில் இந்த நடுத்தர ஜோடி உட்கார்ந்து ஆட வேண்டிய கை. கட்டினேன். அத்தை ஏற்றினார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. பின்பக்கம் மோட்டார் சத்தம் மாறியது, தண்ணீர் நின்று காற்று வர ஆரம்பித்திருந்தது. அத்தை சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்.

"மோட்டார அமத்திட்டு வாரேன். பாத்துப்போடாத கண்ணு."

நான் பார்க்கவில்லை. அவர் வருவதற்குள், கட்ட ஒன்று, திருப்பி ஏற்ற ஒன்று என்று இரண்டு பட்டன்களை எடுத்து என் முன்னால் தயாராக வைத்துக்கொண்டேன்.